கையில் சோதனைக்குழாய் இருக்கும்போது

தரம்பார்த்தல் சோதனையை ஒருமுறையேனும் செய்தவர்களுக்கு அதற்காக நிற்கும் நிலை மறந்திருக்காது. இடக்கை பியூரெட்டின் திருகைப் பற்றியிருக்கும். வலக்கை கூம்புக் குடுவையைச் சுழற்றிக்கொண்டிருக்கும். கண், குடுவைக்குள் எந்தக் கணத்திலும் படரக்கூடிய வெளிர் இளஞ்சிவப்பை எதிர்பார்த்து அசையாமல் நிற்கும். உடலில் வேலையின்றி இருப்பது காது ஒன்றே. ஆசிரியர் அந்தக் காதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார். மாணவர்களின் பின்னால் நடந்தபடியே, "வேகத்தைக் குறை", "குடுவையின் உட்சுவரைக் கழுவிவிடு", "இனித் துளித்துளியாக" என்று சொல்லிக்கொண்டு போகிறார். இது ஒரு கற்பித்தல் முறை என்றுகூட எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆய்வகம் என்றால் அப்படித்தான்.

அவளுக்கு அந்த நேரத்தில் காதும் இல்லை, வாயும் இல்லை. பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத அவளுக்குக் கண்தான் காது, கைகள்தான் வாய். கண்ணைக் குடுவையிலிருந்து எடுத்தால் முடிவுநிலை தவறிவிடும். கையைத் திருகிலிருந்து எடுத்தால்தான் ஒரு கேள்வியைக் கேட்க முடியும். இதில் பலர் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. அமெரிக்கச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை ஒற்றைக் கையாலேயே காட்டிவிடலாம். இந்தியச் சைகை மொழியின் விரலெழுத்தோ, பிரித்தானிய மரபைப் போல, இரு கைகளையும் கேட்பது. ஒரு கையில் சோதனைக்குழாயைப் பிடித்திருக்கும் இந்திய மாணவி 'சோடியம்' என்ற ஒற்றைச் சொல்லைக்கூட எழுத்துக்கூட்டிச் சொல்ல இயலாது. முதலில் குழாயை எங்காவது வைத்தாக வேண்டும்.

அவள் மேற்கு இந்தியாவின் ஒரு பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் ஆய்வு மாணவி. அங்கு வந்து சேர்ந்த வழி நேரானதன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறையுடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 70 டெசிபெல் கேட்புத்திறன் இழந்தவரைக் காது கேளாதவர் என்று வரையறுக்கிறது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்க வேண்டும் என்கிறது. ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அறிவியல் துறைகளில் அந்த இடங்களுக்கு வர வேண்டியவர்களில் பெரும்பாலோர் பதினோராம் வகுப்பின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள். காது கேளாதோருக்கென்றே தொடங்கப்பட்ட பட்டப்படிப்புகளைப் பார்த்தால் இது விளங்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் பி.காம்., பி.சி.ஏ.; திருவனந்தபுரத்திலுள்ள தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தில் கணினி அறிவியல், கவின்கலை. இவை இல்லாதிருந்தால் பலர் பட்டமே பெற்றிருக்க மாட்டார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எரியடுப்பும் அமிலப் புட்டியும் தேவைப்படாத படிப்புகளாகவே அவை அமைந்ததைத் தற்செயல் என்று நம்புவது கடினம்.

அவள் படித்த காது கேளாதோர் பள்ளியிலும் பத்தாம் வகுப்புக்கு மேல் அறிவியல் பிரிவு இல்லை. தலைமையாசிரியை நல்லெண்ணத்தோடுதான் வணிகவியலைப் பரிந்துரைத்தார். அவளுடைய தந்தை மூன்று ஜூனியர் கல்லூரிகளின் படியேறினார். மூன்றாவது சேர்த்துக்கொண்டது.

அங்கே இயற்பியல் ஆய்வகத்தில் அவளுக்கு முதல் சலுகை கிடைத்தது. சுரமானி, ஒத்ததிர்வுத் தம்பம் ஆகிய இரண்டு சோதனைகளும் ஒலி சார்ந்தவை. ஆகவே அவள் செய்ய வேண்டியதில்லை, பக்கத்து மாணவியின் அளவீடுகளைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம், மதிப்பெண் முழுமையாக வழங்கப்படும் என்றார் ஆசிரியர். அவள் அன்று மாலை செய்முறைக் கையேட்டைப் பிரித்துப் படித்தாள். சுரமானிக் கம்பியின் நடுவே ஒரு சிறு காகிதத் துண்டை மடித்து அமர்த்த வேண்டும். அதிரும் இசைக்கவையின் காம்பைப் பெட்டியின் மீது ஊன்றி, கம்பியின் நீளத்தைச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். ஒத்ததிர்வு நேரும் கணத்தில் காகிதம் துள்ளி விழும். காதால் தீர்மானிப்பது துல்லியமன்று என்பதனால்தான் அந்தக் காகிதமே அங்கு வந்தது. காது கேட்பவர்களும் கண்ணால் மட்டுமே செய்துவரும் சோதனையிலிருந்து, காது கேட்காது என்பதற்காக அவளுக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள். ஒத்ததிர்வுத் தம்பம் சற்றுக் கடினம். அதில் ஒலி உரத்து எழும் இடத்தைக் காதுதான் கண்டுபிடிக்கிறது. அதற்குக் கைபேசியில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்று போதுமாயிருந்தது. இரண்டையும் அவள் செய்தாள். செய்யாமலே தருவதாகச் சொன்ன மதிப்பெண்ணைவிட ஒன்று குறைவாகப் பெற்றாள். அந்த ஒன்றைப் பற்றி இன்றும் பெருமிதத்தோடு சொல்வதுண்டு.

பட்டப்படிப்பில் சிக்கல் வேறு உருவம் கொண்டது. அவளுக்கு உதட்டசைவைப் படிக்கத் தெரியும் என்று சேர்க்கைப் படிவத்தில் இருந்தது. அதைப் பார்த்த எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். உதடுகள் எவ்வளவு குறைவாகச் சொல்கின்றன என்பது அதைப் படிக்க வேண்டியவர்களுக்கே தெரியும். ப, ம இரண்டும் உதட்டில் ஒன்றுதான். 'சல்ஃபைட்', 'சல்ஃபைடு' என்ற இரண்டு சொற்களுக்கும் உதட்டளவில் எந்த வேறுபாடும் இல்லை. வேதியியலிலோ ஒன்று கந்தக டை ஆக்சைடையும் மற்றொன்று அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடையும் தரும். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் 15 மில்லியும் 50 மில்லியும் எளிதில் குழம்பக்கூடியவை. இதுவும் ஆசிரியர் முகம் காட்டிப் பேசினால்தான். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியோ முகக்கவசம் அணிந்தோ பேசினால் அதுவும் இல்லை. நிறமாலைமானி இருந்த இருட்டறையில் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைத் தவிர வேறு வெளிச்சமில்லை. அங்கே சைகையும் தெரியாது, உதடும் தெரியாது. தோழி ஒருத்தி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கதவை ஒரு விரற்கடை திறந்து, சொல்லிவிட்டு, மூடினாள். வகுப்பிலிருந்த மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள்.

முதுகலைக்கு வந்தபோது பல்கலைக்கழகம் வாரத்தில் சில மணி நேரத்துக்கு ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்தியது. பெரிய முன்னேற்றம். அந்த அம்மையார் கலைப்பிரிவில் பயின்றவர்; திறமையும் பொறுமையும் உள்ளவர். ஆசிரியர் 'சொல்யூஷன்' என்றபோது அவர் ஒரு கணக்கின் விடையைக் குறிக்கும் சைகையைக் காட்டினார். 'கான்சன்ட்ரேஷன்' என்றபோது மனத்தை ஒருமுகப்படுத்துவதைக் காட்டினார். ஆக, "இந்தக் கரைசலின் செறிவைக் கண்டறிக" என்ற எளிய வாக்கியம் "இந்த விடையின் கவனத்தைக் கண்டறிக" என்று அவள் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. பிழை மொழிபெயர்ப்பாளருடையது அன்று. அந்தப் பொருளுக்கு வழக்கில் ஊன்றிய சைகை அவருக்கு எங்கிருந்தும் கிடைத்திருக்கவில்லை. புது தில்லியில் 2015இல் நிறுவப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களோடு முதல் அகராதியை வெளியிட்டது. 2021இல் அது 10,000 சொற்களாக வளர்ந்தது. பள்ளிப் பாடநூல்களைச் சைகை மொழியில் தருவதற்கு என்.சி.இ.ஆர்.டி.யுடன் 2020இல் ஒப்பந்தமும் ஆயிற்று. நாட்டின் அளவுக்கு இது மெச்சத்தக்க வேகம். ஆனால் பாடநூலின் தேவை வேறு, ஆய்வகப் பணிமேசையின் தேவை வேறு. 'வடித்திறக்கு', 'மீள்படிகமாக்கு', 'வெற்றிடத்தில் உலர்த்து' என்பவற்றை ஒரு மணி நேரத்தில் பத்து முறை சொல்ல வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தால் வினை முடிந்துவிடும்.

ஆகவே அவளும், வெவ்வேறு நகரங்களில் அறிவியல் பயிலும் காது கேளாத மாணவர் மூவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் காணொளி அழைப்பில் கூடிச் சைகைகளை உருவாக்கத் தொடங்கினார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட்டியப் புலன் மையம் 2007 முதல் பிரித்தானியச் சைகை மொழியில் அறிவியல் சொற்களஞ்சியம் ஒன்றை வளர்த்துவருகிறது. அது அவர்களுக்கு வழிகாட்டிற்று, ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ள இயலவில்லை. சைகை மொழி உலகுக்கெல்லாம் பொது என்பது காது கேட்பவர்களின் நம்பிக்கை. ஒரு சைகை பிறப்பதற்குச் சில வேளை மூன்று வாரம் பிடித்தது. சில உடனே அமைந்தன. 'கைரல்' என்ற கலைச்சொல் அப்படி அமைந்த ஒன்று. ஆடிப்பிம்பமாக இருந்தும் ஒன்றன்மீது ஒன்று பொருந்தாத மூலக்கூறுகளைக் குறிக்கும் அந்தச் சொல்லே கிரேக்கத்தில் 'கை' என்பதிலிருந்து வந்தது. இரு உள்ளங்கைகளை எதிரெதிரே காட்டி, பின் ஒன்றை மற்றொன்றின்மேல் வைத்து, கட்டைவிரல்கள் எதிர்த்திசையில் நீளுவதைக் காட்டினால் முடிந்தது. வகுப்பறையில் அரை மணி நேரம் விளக்கப்படும் கருத்து இரண்டு நொடியில் கையில் நின்றது. அவளுடைய நெறியாளர் இப்போது காது கேட்கும் மாணவர்களுக்கும் அதையே செய்து காட்டுகிறார்.

மூலக்கூறுகளின் இந்த இடவல வேறுபாட்டையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட ஜான் கார்ன்ஃபோர்த்தின் பெயரை அவளிடம் சொல்லாதவர் இல்லை. நொதிகள் ஊக்குவிக்கும் வினைகளின் முப்பரிமாண வேதியியலுக்காக 1975இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். சிட்னி பல்கலைக்கழகத்தில் பதினாறு வயதில் சேர்ந்தபோதே ஒரு விரிவுரையையும் கேட்க முடியாத நிலையில் இருந்தவர். ஒவ்வொரு மாற்றுத்திறனாளிகள் தினத்திலும் அவர் கதை அவளுக்குப் பரிசளிக்கப்படும். அவள் அவரைப் படித்திருக்கிறாள். கதைகளில் விடுபடும் பகுதிகளையும் சேர்த்து. அவருக்குப் பத்து வயதளவில்தான் கேட்புத்திறன் குறையத் தொடங்கியது. அதற்குள் பேச்சும் மொழியும் கைவந்துவிட்டன. பதினான்கு வயதிலிருந்தே வீட்டில் தனக்கென ஓர் ஆய்வகம் வைத்திருந்தார். ரீட்டா ஹாரடென்ஸ் என்ற வேதியியலாளர் உடைந்த குடுவையோடு அவரிடம் வந்தார், கண்ணாடி ஊதத் தெரிந்த அவர் அதைச் சரிசெய்து தந்தார். பின்னாளில் இருவரும் மணந்துகொண்டு ஆய்விலும் துணையாயினர். வீட்டில் ஆய்வகமும் வாழ்க்கையில் ரீட்டாவும் அமையாத மாணவர்களுக்குத் துறை என்ன செய்யும் என்று அவள் ஒருமுறை ஒரு விழா மேடையிலேயே கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சற்று மென்மையாக்கிச் சொன்னார் என்று பின்னர் தெரிந்தது.

அவளுடைய ஆய்வகத்தில் சைகை மொழியை முதலில் கற்றவர் ஆய்வக உதவியாளர். மகாராஷ்டிரத்துக் கல்லூரிகளில் உதவியாளரை 'மாமா' என்றழைப்பது வழக்கம். பேராசிரியர்களும் அப்படியே அழைக்கிறார்கள். மாமாவுக்குக் கற்பித்தலியல் எதுவும் தெரியாது. அவளை அழைக்க வேண்டுமென்றால் விளக்கின் பொத்தானை இரண்டு முறை தட்டுவார். ஆபத்து என்றால் நிறுத்தாமல் தட்டுவார். தோளில் தட்டக்கூடாது, கையில் அமிலம் இருக்கும்போது திடுக்கிட்டால் கெட்டது என்று அவரே கண்டுகொண்டார். ஃபியூம் ஹூட்டின் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் எழுதிப் பேசலாம் என்பதும் அவர் தொடங்கிவைத்தது. முனைவர்கள் அதன் பிறகுதான் எழுதத் தொடங்கினார்கள். எந்தச் சுற்றறிக்கையாலும் வராத மாற்றம் இது. ஆனால் மாமா விடுப்பில் இருக்கும் நாளில் இதுவும் விடுப்பில் போய்விடும்.

அப்படி அவர் இல்லாத ஒரு மாலையில், ஆய்வின் இரண்டாம் ஆண்டில், பக்கத்து அறையில் கரைப்பான் ஒன்று தீப்பற்றியது. சிறு தீதான். அபாயமணி ஒலித்தது, எல்லோரும் படியிறங்கி வெளியேறினார்கள். அவள் கதவுக்கு முதுகு காட்டி, ஹூட்டின் முன்னால், நிறப்பிரிகைக் குழாயிலிருந்து இறங்கும் மஞ்சள் பட்டையைச் சிறு குழாய்களில் பிடித்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் கழித்துத் தற்செயலாகச் சன்னல் வழியே பார்த்தபோது கீழே புல்தரையில் துறை முழுவதும் நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் மேலே பார்த்துக் கையசைத்தார்கள். கையசைப்பது சைகை மொழி அன்று. வா என்கிறார்களா, அங்கேயே இரு என்கிறார்களா, வெறுமனே அழைக்கிறார்களா என்று அவளுக்குப் புரியவில்லை. கதவைத் திறந்தபோது புகை நாற்றம் அடித்தது. அதன் பிறகுதான் ஓடினாள்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. அவருடைய நலன் கருதி, பாதுகாப்பை முன்னிட்டு, ஆய்வுத் தலைப்பைக் கணினிவழி வேதியியலுக்கு மாற்றிக்கொள்ளப் பரிந்துரைக்கப்படுகிறது. கடிதத்தில் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. கையொப்பமிட்டவர்கள் எல்லோரும் அவளிடம் அன்பாக நடந்துகொள்பவர்களே. ஒரே நிகழ்விலிருந்து இரு தரப்பும் இரு முடிவுகளுக்கு வந்திருந்தன: காது கேட்காதவர் ஆய்வகத்தில் இருக்கலாகாது என்பது ஒன்று, அந்த அபாயமணிக்கு விளக்கு இல்லை என்பது மற்றொன்று.

அவள் இரண்டு பக்கத்தில் விடை எழுதினாள். அன்று மாலை காதில் ஒலிப்பான் பொருத்தியிருந்த முதலாண்டு மாணவனும் மணியைக் கேட்கவில்லை, கடைசியாகத்தான் இறங்கினான், அவனுக்குக் கடிதம் போயிருக்கிறதா என்று கேட்டாள். மணியோடு சேர்ந்து மின்னும் எச்சரிக்கை விளக்கு சந்தையில் கிடைக்கிறது என்றும், துறை அந்த ஆண்டு வாங்கிய எந்தக் கருவியின் விலையோடும் அது ஒப்பிடத்தக்கதன்று என்றும் எழுதினாள். யாரேனும் ஒருவர் வெளியேறும்போது அவளிருக்கும் அறையைப் பார்த்துச் செல்ல வேண்டும் என்று பெயர் குறித்து ஏற்பாடு செய்யலாம். அதற்குச் செலவே இல்லை. வெற்றிட பம்பு தடுமாறுவதை மற்றவர்கள் ஒலியால் அறிகிறார்கள். அவள் மேசையில் கைவைத்து அறிகிறாள், அழுத்தமானியைப் பார்த்து உறுதிசெய்கிறாள். இதைத் தன் சிறப்பாற்றலாகக் கருத வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டாள். ஒரு புலன் போனால் மற்றொன்று தானே கூர்மையாகிவிடும் என்ற பாராட்டு அவளுக்கு ஒவ்வாது. அப்படி நினைப்பவர்கள் பிறகு எதையும் மாற்ற முன்வருவதில்லை என்பது அவள் அனுபவம்.

குழு ஆறு மாத அவகாசம் தந்தது. பிறகு அந்தப் பேச்சு மறைந்தது. முடிவெடுத்ததாக யாரும் எழுதவில்லை. அவளுடைய அறையில் சிவப்பு விளக்கு பொருத்தப்பட்டது. நெறியாளர் தம் பழக்கத்தை மாற்றிக்கொண்டார். அது அவருக்கு எளிதாக இல்லை. செய்துகொண்டே சொல்வது முப்பது ஆண்டுப் பழக்கம். இப்போது முழுவதையும் முதலில் சொல்கிறார், கேள்விகளை முடித்துக்கொள்கிறார், பின் வாய்மூடிச் செய்து காட்டுகிறார். இடையில் விளக்க வேண்டுமானால் வினையை நிறுத்தி, கருவிகளைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நிற்கிறார். ஒரு செய்முறைக்கு முன்பைவிடக் கூடுதல் நேரமாகிறது. தொடக்கத்தில் மற்ற மாணவர்கள் முணுமுணுத்தார்கள். சிலர் இன்னும் முணுமுணுக்கிறார்கள்.

நடைபாதையிலும் கழிப்பறையிலும் எச்சரிக்கை விளக்கு இன்னும் வரவில்லை. தீ எப்போதும் அவள் ஆய்வு மேசையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வராது என்று நினைவூட்டி நான்காவது கடிதத்தையும் அனுப்பியிருக்கிறாள். கோப்பு பொறியியல் பிரிவில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

இந்தக் கோடை விடுமுறையில் இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் பயிற்சிக்காக வந்தான். அவனும் காது கேளாதவன். அவளுடைய பள்ளியிலேயே படித்தவன். முதல் நாள் தரம்பார்த்தல். அவள் பியூரெட்டைத் தொடாமல் எல்லாவற்றையும் முதலில் சைகையில் சொன்னாள். மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரு கைகளும் வேலைக்குப் போயின. அவன் கண் குடுவைக்குப் போயிற்று. இளஞ்சிவப்பு வந்தது, சுழற்றியதும் மறைந்தது, மீண்டும் வந்து நின்றது. அவன் கையில் கரைசலின் மாதிரியோடு ஒரு சோதனைக்குழாய் இருந்தது. ஏதோ கேட்க வேண்டியிருந்தது போலும். குழாயைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், வைக்க இடம் தேடினான். அவள் குழாய்த் தாங்கியை அவன் பக்கம் நகர்த்தினாள்.